செத்தவன் குடித்த தண்ணீர்

அத்தியாயம் 6

“தனியாத்தான் தூக்கினேன்னு சொன்னே இல்ல? இப்போ தூக்கிக் காட்டு” என்றார் ரொசால்பா.

யாஸ்னா பர்ராசா காரின் முன்னால் குனிந்தாள். கார் என்றால் நீங்கள் நினைக்கிற கார் இல்லை. மூன்று ஒல்லிச் சக்கரங்கள், நடுவில் ஒரு ஆள் படுத்த மாதிரி உட்கார ஒரு குழி, அதற்கு மேல் இரண்டு சாப்பாட்டு மேசையைச் சேர்த்துப் போட்ட அகலத்துக்கு ஒரு மூடி. மூடி முழுக்கச் சூரியத் தகடு. வெயில்தான் அதற்குத் தீனி. வண்டியை நிறுத்தி, அந்த மூடியைக் கழற்றி, சூரியனுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால் பேட்டரி மளமளவென்று ஏறும்.

யாஸ்னா ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். அந்த ஓரம் எழுந்தது. மறு ஓரம் வழுக்கிக்கொண்டு தரையில் மோதப் போனது. நான் பாய்ந்து பிடித்தேன்.

“போதும். கீழ வைங்க ரெண்டு பேரும்.”

“அம்மாடி, பொய் சொல்றதுன்னு முடிவு பண்ணா கொஞ்சம் ஒத்திகை பார்த்துட்டு வரக் கூடாதா?” என்றேன் நான்.

யாஸ்னா சிரிக்கவில்லை. கண் சிவந்திருந்தது. அது உப்புக்காற்றால் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

விஷயம் இதுதான். அன்று காலை பந்தயக் கார்கள் எல்லாம் கிலாகுவாவிலிருந்து கிளம்பி மரியா எலெனாவுக்கு வர வேண்டும். அதகாமா பாலையில் நேர் ரோடு. மரம் கிடையாது, நிழல் கிடையாது. யாஸ்னாவுக்குத் துணையாகப் பின்னால் வரும் வண்டிக்கு ஊரைத் தாண்டியதுமே டயர் வெடித்தது. விதிப்படி அவள் தனியாக முன்னே போகலாம், போனாள். மரியா எலெனாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து சேர்ந்தாள். ஆனால் பேட்டரி? கிளம்பியபோது இருந்ததைவிட அதிகமாக நிறைந்திருந்தது. வழியில் யாரோ ஜெனரேட்டர் வைத்து ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சாந்தியாகோ அணி கத்திக்கொண்டு புகார் கொடுத்தது.

போட்டிக் கமிஷனர் தோன் எவரிஸ்தோ விசாரணையை ரொசால்பாவிடம் விட்டு, மாலைத் தேநீர் வேளைவரை அவகாசம் கொடுத்திருந்தார். அதற்குள் உண்மை வராவிட்டால் யாஸ்னாவின் தொகோபில்யா அணி வெளியே. யாஸ்னா இனி எந்தப் பந்தயத்திலும் ஓட்ட முடியாது. அந்தத் துறைமுகத்துப் பிள்ளைகள் மூன்று வருஷமாக ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையில் தூக்கமில்லாமல் கட்டிய கார் அது. அவர்கள் சுவரோரமாகக் கோழிக்குஞ்சுகள் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

“நின்னது எங்கே?” ரொசால்பா கேட்டார்.

“ரோட்டோரமா.”

“கை கொடுத்தது யாரு?”

“சொல்ல முடியாதுங்க.”

“வழிப்போக்கன்னா பத்து நிமிஷத் தண்டனையோட போயிடும். சொல்லு.”

“என்னை வெளியே அனுப்பிடுங்க, செஞோரா. பரவாயில்ல” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் உதடு கோணியது.

ரொசால்பா சோகே சுரங்க விபத்துகளைத் துப்பறிந்து பெயர் வாங்கியவர். நான் நிபால்தோ, முன்னாள் லாரி ஓட்டுநர், இப்போது அவருடைய பிக்கப்புக்கும் வாய்க்கும் ஓட்டுநர். அவர் பேசாததை நான் பேசுகிறேன். அவருக்கு உலகத்தில் யாரும் இல்லை. எனக்கு அரிகாவில் ஒரு அக்கா, அவளும் என்னோடு பேசுவதில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு பேரும் வேலைக்கு வந்து நிற்கிறோம்.

அவர் காருக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். இருக்கையில் ஒரு காலித் தண்ணீர் பாட்டில், மேலே போட்டியின் சின்னமான சூரியன் ஒட்டியது.

“காலையில ஆளுக்கு எத்தனை பாட்டில் குடுத்தாங்க?”

“ரெண்டு, ஹெஃபா” என்றேன். முதலாளியம்மாவை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“இங்க ஒண்ணுதான் இருக்கு. குடிச்சிருந்தா காலி பாட்டில் கிடக்கணும். ரோட்டுல எறிஞ்சா அபராதம், எறிய மாட்டா. அப்போ யாருக்கோ குடுத்திருக்கா. இல்ல எங்கேயோ வெச்சிருக்கா. நிபால்தோ, அந்த ரோட்டுல தண்ணி பாட்டிலை வெச்சுட்டு வர்ற இடம் எது?”

என்னிடமா கேட்கிறார்? இருபது வருஷம் அந்த ரோட்டில் உருண்டவன் நான்.

“அனிமிதா!” என்றேன்.

யாஸ்னா முகத்தை மூடிக்கொண்டாள்.

*

பான்அமெரிக்கனா என்கிற அந்த ரோட்டில் யாராவது செத்தால், செத்த இடத்தில் நாய்க்கூடு அளவுக்கு ஒரு சின்ன வீடு கட்டுவோம். சிலுவை, படம், பிளாஸ்டிக் பூ. அதுதான் அனிமிதா. தாகத்தோடு போன உயிர் என்று தண்ணீர் வைப்போம், சிகரெட் வைப்போம். லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்துவிட்டுப் போவார்கள். அதிலிருந்து ஒரு ஊசியை எடுக்கக்கூட எவனுக்கும் துணிச்சல் வராது.

கிலாகுவா பக்கமாக வண்டியை விரட்டினேன். ஜன்னல் இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லை. மண், மண், மண்.  நான் மட்டும் புலம்பிக்கொண்டு வந்தேன்.

“இந்த வழியில முப்பது அனிமிதா இருக்கும் ஹெஃபா. எல்லாத்தையும் எண்ணப் போறோமா?”

“எண்ண வேணாம். பந்தயத்துக்கு நடுவுல நின்னிருக்கான்னா சொந்த ரத்தத்துக்குத்தான், அப்பா இல்லைன்னு அவ படிவத்துல இருக்கு. அவ அப்பா எங்கே செத்தாரு?”

எனக்குப் பொறி தட்டியது. பர்ராசா! ஒவிதியோ பர்ராசாவின் மகளா இவள்? நானும் ஒவிதியோவும் ஒரே கம்பெனியில் லாரி ஓட்டியவர்கள். அவன் லாரி பள்ளத்தில் உருண்டு பற்றி எரிந்தது. எலும்புகூட மிஞ்சவில்லை என்று கை விரித்துவிட்டார்கள். மூன்றாம் நாளே ஊர் திரண்டு வந்து அனிமிதா கட்டியது. சிலுவையைத் தோளில் தூக்கி வந்தவனே நான்தான்.

“அவன் பொண்ணு அப்போ பள்ளிக்கூடச் சட்டை போட்டுக்கிட்டு நின்னுது. எனக்கு அடையாளமே தெரியல பாருங்க.”

“அப்பனுக்குத் தண்ணி வைக்க நின்னிருக்கா. அது நியாயம். ஆனா மூடியோட மறு ஓரத்தைப் பிடிச்சது யாரு?”

வண்டியை ஓரம் கட்டினேன். நீலம் பூசிய சின்ன வீடு. பின்னால் பழைய நைட்ரேட் தொழிற்சாலையின் இடிந்த சுவர்கள். மண்ணில் மூன்று ஒல்லிச் சக்கரத் தடம் வந்து நின்று, திரும்பப் போயிருந்தது.

போட்டிச் சூரியன் ஒட்டிய பாட்டில் அங்கேயே இருந்தது. திறந்து, பாதி காலி.

“மத்த பாட்டிலைப் பாரு” என்றார் ரொசால்பா.

பார்த்தேன். லாரிக்காரர்கள் வைத்தவை வரிசையாக நின்றன. அத்தனையும் காலி. மூடி கழற்றி, தனியாக ஒரு டப்பாவில் போட்டிருந்தது.

“வெயில்ல வத்தியிருக்கும்.”

“மூடி கழண்டுக்கிட்டு டப்பாவுக்குள்ள போய் உட்காருமா?”

நான் போன வாரம் எதையும் கவனிக்காமல் அவசரமாக வைத்துவிட்டுப் போன சிகரெட் பாக்கெட் பிரிந்திருந்தது. பக்கத்தில் ஒரு தகர மூடி, அதில் சாம்பலும் துண்டுகளும்.

“செத்தவன் சிகரெட்டையும் பிடிச்சிட்டு, சாம்பலைத் தரையில தட்டாம பார்த்துக்கிட்டிருக்கான். ரொம்ப ஒழுக்கமான பிணம்” என்றேன். சொல்லிவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டேன்.

“இந்த விளக்கைப் பாரு. இந்த ரோட்டுல எல்லா அனிமிதா விளக்கும் தூசி மூடிக் கிடக்கு. இதோட சூரியத் தகடு மட்டும் கண்ணாடி மாதிரி. தினம் துடைக்கறாங்க. அப்புறம் அந்தப் படம்.”

ஒவிதியோவின் படம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

“திருடனா இருந்தா சட்டத்தோட எடுத்துட்டுப் போயிருப்பான். சொந்தக்காரங்கன்னா முத்தம் குடுத்துட்டு நேரா வைப்பாங்க. திருப்பி வைக்கறது யாரு?”

“யாரு?”

ரொசால்பா திரும்பினார். இடிந்த சுவர்களைப் பார்த்தபடி திடீரென்று குரலை உயர்த்தினார். “நிபால்தோ! ரோட்டை அகலப்படுத்தறாங்க, தெரியுமில்ல? இதை இன்னிக்கே இடிச்சாகணும். கடப்பாறையை எடு!”

“ஹெஃபா, பாவம் பிடிக்கும்!” என்று நிஜமாகவே அலறினேன். அவர் என் காலை மிதித்தார்.

“சிலுவையை முதல்ல பிடுங்கு!”

“அதுல கை வைக்காதீங்க!”

சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் ஓடி வந்தான். தாடி மார்புவரை. வெயிலில் கருகிய முகம், கிழிந்த சுரங்கச் சட்டை. எங்களுக்கும் அனிமிதாவுக்கும் நடுவே வந்து கையை விரித்து நின்றான்.

அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

“இயேசுவே… ஒவிதியோ?”

“நிபால்தோ” என்றான் அவன், பேசிப் பழக்கம் விட்டுப்போன தொண்டையோடு. “உன் ஹார்ன்தான்னு தெரியும்டா. ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. சிகரெட்டும் நீதான் வைக்கிறேன்னு தெரியும்.”

“டேய், உனக்காக நான் அழுதேன்டா! பாவி! சிலுவையைத் தூக்கித் தோள் காய்ச்சுப்போச்சு!”

“பார்த்தேன். அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் படுத்துக்கிட்டு எல்லாத்தையும் பார்த்தேன்.”

ரொசால்பா அவனுக்கு அந்தப் பாதி பாட்டிலை நீட்டினார். அவன் வாங்கிக் குடித்தான். பிறகு சொன்னான். லாரி பற்றிக்கொண்டதும் வெளியே விழுந்தவன், தலையில் அடிபட்டு, திசை தெரியாமல் பாலையில் நடந்து, திரும்ப ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது மூன்றாம் நாள். அங்கே அவனுக்கு அனிமிதா கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஊரே நின்னுது. என் மூஞ்சியிலயே முழிக்காத மச்சான் மாரடிச்சு அழுதான். என் பொண்டாட்டி எர்மிந்தா மயங்கி விழுந்தா. எனக்காக ஒருத்தரும் அதுக்கு முன்னாடி அழுது பார்த்ததில்ல. அந்த நேரத்துல எப்படி எழுந்து போய் நிக்கறது? ‘இந்தா, சாகல’ன்னு சொல்லவா? கொஞ்சம் கழிச்சுப் போகலாம்னு இருந்தேன். நாளைக்குப் போகலாம்னு இருந்தேன். அப்புறம் நாள் ஆக ஆக, போறதுக்கு வழியே இல்லாம போச்சு.”

“முட்டாள்!” என்றேன்.

“ஆமாம். அந்தப் படத்துல என் மூஞ்சியை நானே பார்க்க முடியாம திருப்பி வெச்சேன். அப்புறம் எர்மிந்தா வேற கல்யாணம் பண்ணிக்கிட்டா. இங்கதான் வந்து எங்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டுப் போனா. நான் சுவருக்குப் பின்னாடி நின்னு, பரவாயில்லன்னு சொன்னேன். அவளுக்குக் கேட்டிருக்காது.”

பழைய இரும்பு பொறுக்கிக் கொடுத்தால் ஒரு பொலிவியாக்காரன் மாவும் தேயிலையும் போட்டுவிட்டுப் போவானாம். பெயர் கேட்க மாட்டானாம். மற்றபடி அவனுக்கு உலகம் என்பது ஹார்ன் சத்தம்தான்.

“உயிரோட இந்த ரோட்டுல எத்தனை வருஷம் ஓட்டினேன், ஒருத்தன் எனக்கு ஹார்ன் அடிச்சதில்ல. செத்தப்புறம் பாரு! ராத்திரி கேட்டாலும் எழுந்து உட்கார்ந்து கையை ஆட்டுவேன். அவங்களுக்குத் தெரியாது.”

நான் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

ரொசால்பா அவன் எதிரில் குந்தி உட்கார்ந்தார். “காலையில யாஸ்னா வருவான்னு உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கா? அவ கார் ஓட்டறதே தெரியாது. என்னமோ தட்டு மாதிரி ஒண்ணு வந்து நின்னுது. ஒரு பொண்ணு இறங்கித் தண்ணி வெச்சுது. நான் மறைஞ்சு நின்னிருக்கணும். முடியல. ‘அப்பா’ன்னு கூப்பிட்டுடுச்சு.”

“யாருகிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினீங்க.”

“எர்மிந்தா வாழ்க்கை கெட்டுடும்ல?”

“அவ சத்தியத்தைக் காப்பாத்தறா. அதனால இன்னிக்குச் சாயங்காலம் அவளைத் திருட்டுப்பட்டம் கட்டி வெளியே தள்ளப் போறாங்க. அவளோட சேர்த்து அந்தப் பிள்ளைங்களையும்.”

ஒவிதியோ எழுந்துவிட்டான். “வரேன். வந்து சொல்றேன். நான்தான் தூக்கினேன், அவ அப்பன்னு சொல்றேன்.”

“அப்படிச் சொன்னா அவ தோத்தா” என்றார் ரொசால்பா. “வழிப்போக்கன் கை கொடுத்தா பத்து நிமிஷம். சொந்தக்காரங்க வழியில நின்னு உதவினா வெளியேத்தம். அதுதான் விதி. முன்கூட்டியே ஏற்பாடு பண்ணி ஏமாத்தக் கூடாதுன்னு போட்டது. நீங்க ஏற்பாடு பண்ணல, அது எனக்குத் தெரியும். ஆனா தோன் எவரிஸ்தோ காகிதத்துல என்ன இருக்கோ அதைத்தான் பார்ப்பாரு.”

“அப்போ நான் என்ன செய்யணும்?”

ரொசால்பா மெதுவாகச் சொன்னார். “காகிதத்துல ஒவிதியோ பர்ராசா செத்துட்டாரு. நீங்க யாரோ.”

“அவ எதிர்லயே நின்னு, நான் அவளுக்கு யாரோன்னு சொல்லணுமா?”

“ஆமாம்.”

அவன் கொஞ்ச நேரம் அந்தக் காலி ரோட்டைப் பார்த்தான். பிறகு பிக்கப்பில் ஏறி எங்கள் நடுவே உட்கார்ந்தான்.

*

மரியா எலெனா கொட்டகையில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. ரொட்டியும் வெண்ணெய்ப்பழமும் மேசைக்கு வந்துவிட்டன. அதாவது எங்களுக்கு நேரம் முடிந்துவிட்டது.

யாஸ்னா அவனைப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். ஒவிதியோ தலையை அசைத்தான், ரொம்பச் சின்னதாக. அவள் திரும்ப உட்கார்ந்தாள்.

“இவர்தான் மறு ஓரத்தைப் பிடிச்ச ஆள். மிச்சத்தை நீங்களே கேளுங்க” என்றார் ரொசால்பா. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

தோன் எவரிஸ்தோ கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். “பேரு?”

“செரஃபின்.”

“செரஃபின் என்ன?”

“வெறும் செரஃபின்தாங்க. இரும்பு பொறுக்கறவனுக்கு அது போதும்.”

“தூக்கிக் காட்டுங்க.”

அப்பாவும் மகளும் ஆளுக்கொரு ஓரம் போனார்கள். ஒரே மூச்சில் மூடி எழுந்து, ஜன்னல் வெயிலுக்கு நேராகச் சாய்ந்து நின்றது. சாந்தியாகோ அணிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“முட்டுக் கம்பு குடுத்தீங்களா?”

“இல்லீங்க. கையாலேயே பிடிச்சிருந்தேன். சூரியன் ஏற ஏறத் திருப்பிக்கிட்டே இருந்தேன்.”

“ஒரு மணி நேரமாவா? எதுக்குய்யா?”

ஒவிதியோ தரையைப் பார்த்தான். “அங்க நான் தனியா இருக்கேங்க. பேச்சுக்கு ஆள் கிடைச்சுது. இதைக் கீழ வெச்சா பொண்ணு கிளம்பிடும்ல?”

கொட்டகையில் யாரோ சிரித்தார்கள். தோன் எவரிஸ்தோவும் புன்னகைத்தார். பேட்டரி ஏன் அவ்வளவு ஏறியது என்று அவருக்கு விளங்கிவிட்டது. பேனாவை எடுத்தார்.

“கடைசிக் கேள்வி. கேட்டாகணும். இந்தப் பொண்ணு உங்களுக்கு உறவா?”

மூடி இன்னும் இரண்டு பேர் கையிலும் இருந்தது. யாஸ்னாவின் பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்தது.

“இல்லீங்க” என்றான் ஒவிதியோ. “யாரு பெத்த பிள்ளையோ. நல்லா வளர்த்திருக்காங்க.”

யாஸ்னா வாயைத் திறந்தாள். நான் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன். அவள் மூடியைக் கீழே இறக்கி வைத்தாள், பூனை மாதிரி சத்தமில்லாமல்.

“பத்து நிமிஷத் தண்டனை. நாளைக்குக் காலையில அணி கிளம்பலாம்” என்று தோன் எவரிஸ்தோ எழுதினார். சுவரோரப் பிள்ளைகள் கூச்சலிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவர் எழுந்து, பெரிய மனுஷத்தனமாக யாஸ்னாவிடம் சொன்னார்: “உனக்காக இவ்வளவு தூரம் வந்திருக்காரு. மரியாதையா நன்றி சொல்லும்மா.”

யாஸ்னா நடந்து வந்து கையை நீட்டினாள்.

“ரொம்ப நன்றிங்க, ஐயா.”

ஒவிதியோ வலது கையைக் கால்சட்டையில் துடைத்தான். இன்னொரு முறை துடைத்தான். பிறகு அந்தக் கையைப் பிடித்தான். பிள்ளைகள் அவளைத் தோளைப் பிடித்து இழுக்கும்வரை அவன் விடவில்லை.

திரும்பும் வழியில் ரொசால்பா ஓட்டினார். என்னை ஓட்டச் சொல்லியிருந்தால் பள்ளத்தில் விட்டிருப்பேன். பாலை சிவந்துகொண்டு வந்தது. எதிரில் ஒரு வண்டியும் இல்லை. ஒவிதியோ தன் வலது கையை இடது கையால் மூடி மடியில் வைத்திருந்தான்.

“காலையில கட்டிப் பிடிக்கக்கூட இல்லையாடா?” என்று கேட்டேன்.

“எங்கே? மூடிக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான்.”  பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

“அவ கை என் கை அளவுக்கு வளர்ந்துடுச்சு, நிபால்தோ.”